கறை படிந்த தோல் பையை மீட்பது எப்படி?

நம் தோட்ட வீடுகளில் பலவற்றில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு தோல் கைப்பை இருக்கும். அது திருமணத்திற்கு வந்த பரிசாக இருக்கலாம்; போனஸ் கிடைத்த ஓர் ஆண்டில் தீபாவளிக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். பட்டணத்திற்குப் போகும் நாளில் மட்டுமே அது வெளியே வரும். மற்ற நாள்களில் குடும்பத்தின் முக்கியமான தாள்களெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமநிதிக் கணக்குத் தாள், மருத்துவமனை அட்டை என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பைதான் பெட்டகம்.

அந்தப் பையில் எண்ணெய் சிந்தினாலோ, பூஞ்சணம் பிடித்தாலோ நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் தொங்கவிடுகிறோம். அல்லது, போனது போகட்டும் என்று எறிந்துவிட்டு மலிவான பை ஒன்றை வாங்குகிறோம். இரண்டுமே நட்டம். தோலைக் கறை கெடுப்பதைவிட, கறையைப் போக்க நாம் காட்டும் அவசரம்தான் அதிகமாகக் கெடுக்கிறது. ஏன் என்பதை முதலில் பார்ப்போம்.

தோல் என்பது நூலால் நெய்த துணி அன்று. மாடு, ஆடு ஆகியவற்றின் உடலை மூடியிருந்த சருமம் அது. நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் தோல். அழுகாமல் இருக்க அதைப் பதனிடுகிறார்கள். தமிழகத்தில் ஆவாரம் பட்டையை ஊறவைத்த நீரில் பதனிடுவது பழைய முறை. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்கு 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் பெரும்பாலான தோல் குரோமிய முறையில்தான் பதனிடப்படுகிறது. எந்த முறையானாலும், பதனிட்ட பிறகு தோலுக்குள் கொழுப்பை ஏற்றுகிறார்கள். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைவதற்கு அந்தக் கொழுப்பே உதவுகிறது. அது போய்விட்டால் தோல் விறைத்து வெடிக்கும்.

இப்போது சவர்க்காரத்தின் வேலையை எண்ணிப் பாருங்கள். எண்ணெய்ப் பசையைக் கரைத்து வெளியேற்றுவதுதானே அது? கறையின் எண்ணெயை எடுக்கும்போது தோலின் கொழுப்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. மேலும், பதனிட்ட தோல் இயல்பில் சிறிது புளிப்புத் தன்மை உடையது. துணிச் சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. இரண்டும் ஒத்துப்போகமாட்டா. அதன்பின் ஈரத்தோடு வெயிலில் காயவைத்தால் நார்கள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அப்படிச் சுருங்கிய தோல் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆகவே, வேலையைத் தொடங்குமுன் நம்மிடம் இருப்பது உண்மையான தோல்தானா என்று பார்க்க வேண்டும். பையின் உட்புற ஓரத்தையோ வாரின் வெட்டுமுனையையோ கவனியுங்கள். நார் நாராகத் தெரிந்தால் அது தோல். பின்புறம் துணி தெரிந்து, மேலே ஏடு போல் ஒரு பூச்சு இருந்தால் அது செயற்கைத் தோல். செயற்கைத் தோல் பலவற்றில் பூச்சாக இருக்கும் பாலியூரித்தேன் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்து பிசுபிசுத்து உரிந்துவிடும். உரியத் தொடங்கிய பைக்கு எந்தக் கிரீமும் பயன்படாது. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உண்மைத் தோல் என்று தெரிந்தால், மறைவான மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அது முத்துப்போல் நின்றால் தோலின்மேல் பாதுகாப்புப் பூச்சு உண்டு. துடைத்தால் பெரும்பாலான அழுக்கு போய்விடும். ஊறிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். அங்கே மிகுந்த நிதானம் வேண்டும். எந்த மருந்தையும் முதலில் அதே மூலையில் தொட்டுப் பார்த்த பிறகே கறையில் இட வேண்டும். மென்மயிர் போன்ற மேற்பரப்புள்ள தோலுக்கு இங்கே சொல்லும் ஈர முறைகளும் கிரீமும் பொருந்தா. அதை உலர்ந்த தூரிகையால் மட்டும் துலக்குங்கள்.

இனி, நம் வீடுகளில் ஏற்படும் கறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, எண்ணெய்க் கறை. குழம்போ தலை எண்ணெயோ பட்டவுடன் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைக் கறையின்மேல் கனமாகத் தூவி ஓர் இரவு விட்டுவிடுங்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலப் பவுடர் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, மீண்டும் தூவுங்கள். இரண்டு மூன்று இரவுகள் பிடிக்கலாம்.

இரண்டாவது, ரப்பர் பால். ஈரமாக இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும். காய்ந்துவிட்டதா? நன்றாகக் காயவிட்டு, பெருவிரலால் ஓரத்திலிருந்து உருட்டுங்கள். வழவழப்பான தோலில் அது சுருள் சுருளாக வந்துவிடும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வேண்டாம். அவை தோலின் கொழுப்பையும் நிறத்தையும் வாங்கிவிடும்; அடுப்பங்கரையில் தீ ஆபத்தும் உண்டு.

மூன்றாவது, பேனா மை. பந்துமுனைப் பேனாவின் மை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கரையும். ஆனால் தோலின் சாயமும் அதில் கரையக்கூடும். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி நனைத்து, கோட்டின்மேல் மட்டும் ஒற்றுங்கள். ஒவ்வொரு ஒற்றுக்கும் குச்சியை மாற்றுங்கள். பழைய மைக்கோடு முழுதும் போகாது. கிரீமால் அதை மங்கவைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நான்காவது, கொக்கியின் அருகே தோன்றும் கறுப்புப் புள்ளி. பட்டை நீரில் பதனிட்ட தோலில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. துருப்பிடித்த இரும்பு ஈரத்தோடு அதைத் தொட்டால் கறுத்துவிடும். முன்னாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? அதே வினைதான் இங்கும் நடக்கிறது. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் புள்ளி வெளுக்கும். பின்னர் ஈரத்துணியால் சாற்றைத் துடைத்துவிட வேண்டும். கொக்கியின் துருவையும் தேய்த்து எடுக்காவிட்டால் புள்ளி மீண்டும் வரும்.

ஐந்தாவது, மழைநீர். முதலில் உள்ளே இருக்கும் தாள்களை வெளியே எடுத்துத் தனியாக உலரவையுங்கள். பையை ஒற்றித் துடைத்து, அச்சிடாத வெள்ளைத் தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள்; தாள் ஈரமானதும் மாற்றுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். காய்ந்தபின் வட்டமாகக் கறை தெரிந்தால், பையின் அந்தப் பக்கம் முழுவதையும் தையலிலிருந்து தையல்வரை ஈரத்துணியால் ஒரே சீராகத் துடைத்து மறுபடி காயவிடுங்கள். வட்டம் மங்கிவிடும்.

ஆறாவதும் மிக முக்கியமானதும் பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் வளரும். நம் நாட்டின் ஈரப்பதமோ சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஆகவே, மூடிவைத்த பை வெளுத்துப்போவதில் வியப்பில்லை. அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள். அதன் விதைத்தூள் துணிமணியிலும் தாள்களிலும் பரவும். வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு துலக்குங்கள். பிறகு, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து இறுகப் பிழிந்து, உள்ளும் புறமும் துடையுங்கள். நிழலில் இரண்டு நாள் திறந்தபடியே காயட்டும்.

கறை போனதோடு வேலை முடிவதில்லை. இழந்த கொழுப்பைத் தோலுக்குத் திருப்பித் தர வேண்டும். சப்பாத்துக்குப் பூசும் நிறமற்ற கிரீம் போதும். விரல்நுனி அளவு எடுத்து, மெல்லிய துணியால் வட்டமாகத் தடவி, அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அது தோலைக் கறுக்கச் செய்வதோடு, நாளடைவில் சிக்கு வாடையும் வீசும். நிறம் மங்கிய இடத்திற்கு அதே நிறக் கிரீமைச் சிறிது இடலாம். ஆனால் வெள்ளைத் துணியால் தேய்த்து, துணியில் நிறம் ஒட்டாத வரை துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சேலையில் கறை ஏறும். தையல் விட்டிருந்தால், மெழுகு தடவிய தடித்த நூலைப் பழைய துளைகள் வழியாகவே கோத்துத் தையுங்கள். புதுத் துளை போட்டால் தோல் கிழியும்.

பையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடாதீர்கள். பழைய தலையணை உறையில் இட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். இரண்டு வாரத்திற்கு ஒரு முறை திறந்து காற்றாடவிடுங்கள். மூன்று மாதத்திற்கு ஒரு முறை சிறிது கிரீம் பூசுங்கள். பிறப்புச் சான்றிதழ் போன்ற தாள்களைத் தனித்தனி உறையில் இட்டு, உலர்ந்த தகரப் பெட்டியில் வைப்பது இன்னும் நல்லது. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் நாளில் எழுத்து அழிந்த சான்றிதழோடு நிற்கும் பெற்றோர் எத்தனை அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

நேயர்களே, ஒற்றுதல், நிழலில் உலர்த்துதல், கொழுப்பூட்டுதல், காற்றாடவிடுதல் ஆகிய நான்கையும் நினைவில் வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து அந்தப் பையை வெளியே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். இருப்பதைப் பேணும் பழக்கத்தை அவர்கள் நம் கைகளைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.