நிலம் நடுங்குவதற்கு முன்பே எடுத்த அளவு

1989 அக்டோபர் 17, மாலை 5.04 மணி. கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் 63 உயிர்களைப் பறித்தது. அளவு 6.9. அருகிலிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் குலுங்கியது. அங்கே படித்த 137 மாணவர்கள், சோர்வு வந்தால் தங்கள் மனம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சரியாக 14 நாட்களுக்கு முன்புதான் ஒரு வினாத்தாளில் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வினாத்தாளைக் கொடுத்திருந்த உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமாவுக்கு இது எண்ணிப் பார்த்திராத வாய்ப்பு. துயரத்தில் இருப்பவரிடம் போய் ‘எப்படி யோசித்தீர்கள்?’ என்று கேட்டால், பதிலிலும் துயரம் கலந்தே வரும். யோசனையால் துயரமா, துயரத்தால் யோசனையா என்று பிரித்தறிய முடியாது. இங்கேயோ யோசிக்கும் பாங்கு முதலில் பதிவாகிவிட்டது; அடி பிறகுதான் விழுந்தது. எந்த ஆய்வுக்கூடமும் திட்டமிட்டு அமைக்க முடியாத வரிசை இது.

வினாத்தாள் எளிமையானது. மனம் சோரும்போது தனியே அமர்ந்து ‘எனக்கு ஏன் இப்படி?’ என்று அசைபோடுவீர்களா, கவனத்தை வேறொன்றில் திருப்புவீர்களா? ஒவ்வொரு வரிக்கும் ‘ஏறக்குறைய ஒருபோதும் இல்லை’ முதல் ‘ஏறக்குறைய எப்போதும்’ வரை நான்கு படிகள்.

நிலநடுக்கம் முடிந்து 10 நாட்களிலும் பின்னர் 7 வாரங்களிலும் அதே மாணவர்களின் மனநிலையை மீண்டும் அளந்தார்கள். ஆபத்தில் நேரடியாகச் சிக்கியவர்களிடம் பத்தாம் நாளில் பாதிப்பு கூடியிருந்தது. அது யாரும் எதிர்பார்ப்பதே. முன்பே சோர்வோடு இருந்தவர்கள் மேலும் தளர்ந்ததும் அப்படித்தான். ஆனால் அந்தப் பழைய சோர்வைக் கணக்கில் கழித்த பிறகும், அசைபோடும் பழக்கம் உடையவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகவே தெரிந்தது. ஏழு வாரம் கழித்தும் அது விலகவில்லை. பூமி எல்லோருக்கும் ஒருசேரத்தான் ஆடியது என்பதை நினைத்தால், இந்த முடிவு இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

அப்படியானால் தன்னைப் பற்றி யோசிப்பதே தீங்கா? 2003இல் நோலன்-ஹோக்செமாவும் சக ஆய்வாளர்களும் அந்த வினாத்தாளையே சலித்தார்கள். 22 வரிகளில் 12 வரிகள் மனச்சோர்வின் அறிகுறிகளையே வேறு சொற்களில் கேட்டதால் அவற்றை நீக்கினார்கள். எஞ்சிய பத்தும் இரண்டாகப் பிரிந்தன: தன்னை நொந்துகொண்டு உழல்வது ஐந்து, காரணத்தை ஆராய்ந்து பார்ப்பது ஐந்து. ஒரே வேளையில் அளந்தால் இரண்டுமே சோர்வோடு சேர்ந்தே தென்பட்டன. ஓராண்டு கழித்து அளந்தபோதுதான் பாதைகள் பிரிந்தன: உழன்றவர்களிடம் சோர்வு கூடியிருந்தது, ஆராய்ந்தவர்களிடம் குறைந்திருந்தது.