பூ ஏற்றும் ஹைலக்ஸும் டீசல் கணக்கும்

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசலின் விலை 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு உயர்ந்தது. கார் ஓட்டும் பலருக்கு அது செய்தித்தாளில் படித்த செய்தி. என் சித்தப்பாவுக்கோ அது மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல்.

அவர் சிம்பாங் பூலாயில் இருக்கிறார். வாரம் இரண்டு முறை கேமரன் மலைக்கு ஏறி, செவ்வந்திப் பூப் பெட்டிகளை ஹைலக்ஸில் ஏற்றிக்கொண்டு, இரவோடு இரவாக ஜொகூர் பாருவுக்கு ஓட்டுவார். மலையும் சேர்த்துப் போகவர 1,200 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஒரு நடைக்கு 120 லிட்டர். மாதம் எட்டு நடைக்கு 960 லிட்டர். லிட்டருக்கு 1 வெள்ளி 20 சென் கூடினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தகுதி உள்ளவர்களுக்கு அரசாங்கம் அப்போது மாதம் 200 வெள்ளி கொடுத்தது, அவருக்கும் கிடைத்தது. விலை பிறகு ஏறி இறங்கினாலும் பழைய 2.15க்குத் திரும்பவில்லை. ஜொகூர் வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு ஈப்போவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். பாதி வருமானம் அந்த ஜொகூர் கடைகளில்தான் இருந்தது.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, "ஏம்மா, இன்ஜினியருக்குத்தானே படிக்கிற, இந்த வண்டி எண்ணெய் குடிக்கிறதைக் குறைக்க ஏதாவது வழி சொல்லு" என்று கேட்டார். பாய்ம இயக்கவியல் பாடத்தில் நாங்கள் பக்கம் பக்கமாகப் போட்ட சமன்பாடுகளுக்கு முதல் தடவையாக ஒரு வேலை வந்தது.

முதலில் செய்தது அளப்பது. வண்டியின் திரையில் காட்டும் சராசரி எண் ஒரு மதிப்பீடு மட்டுமே; அதை நம்பி முடிவெடுக்க முடியாது. தொட்டியை நிரப்பி, குழாய் தானாக நிற்கும் முதல் சத்தத்திலேயே நிறுத்த வேண்டும். ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடை முடிந்ததும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், மீண்டும் அதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். ஒரு நடையை வைத்து எதையும் சொல்ல முடியாது. மழை, நெரிசல், சுமை எல்லாம் எண்ணை மாற்றும். முதல் நான்கு நடைகளின் சராசரி லிட்டருக்கு 10.3 கிலோமீட்டர்.

டீசல் எங்கே போகிறது? நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும் வண்டி முக்கியமாக இரண்டு தடைகளோடு மல்லுக்கட்டுகிறது. ஒன்று, டயர் சாலையில் உருள்வதால் வரும் தடை. இது வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் அதிகம் மாறாது. இன்னொன்று காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், வண்டியின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் பொறுத்தது. பிக்கப் வண்டிக்கு இரண்டுமே பாதகம். முகம் அகலமும் உயரமுமாக இருக்கும், பின்னால் திடீரென்று வெட்டிவிட்டது போல் முடியும். நல்ல செடான் காரின் இழுவைக் கெழு 0.3க்குக் கீழே இருக்கும்போது, பிக்கப்புக்கு அது 0.4 அளவில் இருக்கும்.

முகப்புப் பரப்பு 2.9 சதுர மீட்டர், மொத்த எடை 2,400 கிலோ என்று வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மணிக்கு 110 கிலோமீட்டரில் காற்றுத் தடை ஏறத்தாழ 630 நியூட்டன். 95இல் அது 470. உருளல் தடை இரண்டிலும் 280 அளவில்தான். அதாவது வேகத்தை 15 குறைத்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வண்டி தள்ள வேண்டிய மொத்தத் தடை ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஒரு வெள்ளி செலவில்லை, ஒரு திருகாணியைக் கழற்ற வேண்டியதும் இல்லை.

சித்தப்பா தாளைப் பார்த்தார். "சரிம்மா. ஆனா என் தூக்கத்துக்கு யாரு காசு கொடுப்பா?" என்றார்.

இந்தக் கேள்வி எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 530 கிலோமீட்டர். 110இல் நிற்காமல் ஓட்டினால் 4 மணி 50 நிமிடம். 95இல் 5 மணி 35 நிமிடம். விடியுமுன் பூ கடைக்குப் போய்ச் சேர வேண்டும். கூடுதல் 45 நிமிடத்துக்கு முன்கூட்டியே கிளம்ப வேண்டும், அதற்கு மலையில் பூவை முன்கூட்டியே கட்டித் தர வேண்டும். களைப்போடு ஓட்டி மிச்சம் பிடிக்கும் டீசல் யாருக்கும் வேண்டாம். நான் முதலில் 90 என்று சொன்னேன்; அவர் 100 என்றார்; பேரம் 95இல் நின்றது. தோட்டக்காரரும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தர ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் வேறு எதையும் மாற்றாமல் ஓட்டியதில் சராசரி 11.5க்கு ஏறியது.

அடுத்தது சுமை. பூ கனமில்லை, ஆனால் இடத்தை அடைக்கும். பெட்டிகள் வண்டிக் கூரைக்கு மேல் ஒன்றரை அடி நின்றன, கேன்வாஸ் தளர்வாகக் கட்டி வழியெல்லாம் படபடத்தது. அந்த ஒன்றரை அடி உயரமும் ஐந்தடி அகலமும் சேர்ந்தால் முகப்புப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கிவிட்டு, மேல் அடுக்குப் பெட்டிகளில் பாதியை உள்ளே வைத்தோம். ஏர்கான் குளிரில் அந்தப் பூக்கள்தான் இப்போது மற்றவற்றைவிடப் புதிதாகப் போய்ச் சேர்கின்றன என்பது நாங்கள் எதிர்பார்க்காத லாபம். மீதியை இறுக்கிக் கட்டி, கேன்வாஸைக் கயிற்றால் படிய இழுத்தோம்.

திரும்பி வரும் நடையில் பின்தொட்டி காலி. அப்போது டெயில்கேட்டைத் திறந்து போட்டால் காற்று சுலபமாக வெளியேறும், எண்ணெய் மிச்சம் என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடிய டெயில்கேட் இருக்கும்போது, தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாக மாட்டிக்கொண்டு அங்கேயே சுற்றும். மேலே வரும் காற்று அந்தச் சுழலின் மீது வழுக்கிக்கொண்டு போய்விடும். திறந்துவிட்டால் அந்தச் சுழல் கலைந்து, பொதுவாகத் தடை கூடவே செய்யும். மூடி வைப்பதே நல்லது. தொட்டியின் மேல் தட்டையான மூடி போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும்.

டயரைப் பற்றி ஒரு விஷயம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், காலி வண்டிக்கும் சுமை வண்டிக்கும் எவ்வளவு காற்றழுத்தம் என்று போட்டிருப்பார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அதன்படி அடிக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கி நசுங்கி உருளும். அந்த நசுக்கல்தான் உருளல் தடை. சித்தப்பா இதில் முன்பிருந்தே ஒழுங்கு, ஆகவே எங்களுக்கு இங்கே ஆதாயம் இல்லை.

அவருடைய நண்பர் ஒருவர் அழகுக்காக 265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டிருந்தார். போட்ட நாளிலிருந்து வண்டி ரொம்பக் குடிக்கிறது என்று புலம்பல். கனமான, முரட்டுப் பற்கள் கொண்ட டயர் கூடுதலாகக் குடிக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் புலம்பலில் ஒரு பகுதி கணக்குப் பிழை. புதிய டயரின் விட்டம் ஏறத்தாழ 7 விழுக்காடு பெரியது. ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகிறது, மீட்டரோ பழைய டயரை நினைத்தே எண்ணுகிறது. 107 கிலோமீட்டர் போனால் 100 என்று காட்டும். வேகமானியும் அப்படியே குறைத்துக் காட்டும் என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

மலை இறக்கத்தில் சிலர் ப்ரீ கியரில் விட்டுவிடுவார்கள், எண்ணெய் மிச்சம் என்று. இதை மட்டும் செய்யாதீர்கள். இன்றைய டீசல் எஞ்சினில், கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால், டீசல் செலுத்துவது முழுவதுமாக நின்றுவிடும். உருளும் சக்கரமே எஞ்சினைச் சுற்றவைக்கும். ப்ரீ கியரில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். அதோடு எஞ்சின் பிடிமானமும் போய், பிரேக் சூடேறி, சிம்பாங் பூலாய் வளைவுகளில் ஆபத்து. செலவும் கூடுதல், உயிருக்கும் உத்தரவாதமில்லை.

குழாயில் மாட்டும் காந்தம், தொட்டியில் போடும் மாத்திரை எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் விற்கப் பார்த்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு மிச்சம் பிடித்துத் தரும் ஒன்றையும் அது கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல கயிறு வாங்கலாம்.

சுமையையும் தாழ்த்திய பிறகு சராசரி 12.2. ஒரு நடைக்கு 116 லிட்டராக இருந்தது 98 ஆனது. லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் மாதம் 430 வெள்ளி அளவில் மிச்சம். உதவித்தொகையோடு சேர்த்தாலும் கூடிய செலவு முழுவதும் திரும்பி வரவில்லை. மீதிக்காகப் பெட்டிக்கு 50 சென் ஏற்றினார். இரண்டு கடைகள் முணுமுணுத்தன, யாரும் விலகவில்லை. ஜொகூர் நடை தொடர்கிறது.

இப்போது தோட்டக்காரரிடம் பெட்டியின் உயரத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு அங்குலம் குறைந்தால் மூன்று அடுக்கும் கூரைக்குக் கீழேயே அடங்கிவிடும். பூவின் காம்பை அவ்வளவு வெட்டினால் கடைக்காரர் வாங்குவாரா என்பதுதான் பாக்கி. இரண்டு மாதிரிப் பெட்டிகள் அடுத்த நடையில் போகின்றன.