நெட் வருது.. ஆனா ஆபீஸ் சர்வர் மட்டும் வரலையா? 8.8.8.8 போட்டிருந்தா இதைப் படிங்க!

யூடியூப் ஓடுகிறது. வாட்ஸ்அப் வெப் வேலை செய்கிறது. ஆனால் சம்பளப் பட்டியல் போடும் ஆபீஸ் சாஃப்ட்வேரைத் திறந்தால் மட்டும் ‘சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்கிறது. மாதக் கடைசியில் இப்படி ஆனால் எல்லோருக்கும் சம்பளம் தள்ளிப்போகும். ‘சர்வர் அவுட்’ என்று பதறுவதற்கு முன், சிக்கல் சர்வரிலா, அதன் பெயரிலா என்று பார்த்துவிடுவது நல்லது.

பெயரில் என்ன சிக்கல்?

போனில் நாம் பெயரைத் தொட்டால் அது நம்பரைத் தேடி எடுத்துக்கொள்ளும் இல்லையா? கணினிக்கு அந்த வேலையைச் செய்வதுதான் டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. ‘பேரோல்’ என்று நாம் டைப் செய்தால், 192.168.10.5 போன்ற ஐபி எண்ணை அது எடுத்துக் கொடுக்கும்.

ஆபீஸுக்குள் இருக்கும் சர்வர்களின் பெயர்கள் ஆபீஸின் சொந்த டிஎன்எஸ் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். வெளியில் யாரிடம் கேட்டாலும் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்றுதான் பதில் வரும்.

8.8.8.8 என்ன செய்கிறது?

நெட் ஸ்லோ என்றதும் பலர் செய்யும் வைத்தியம், கூகுளின் இலவச டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8-ஐப் போடுவது. ‘முதல் இடத்தில் ஆபீஸ் டிஎன்எஸ் இருக்கட்டும், இரண்டாவதா இது இருந்தா என்ன தப்பு?’ என்று தோன்றும்.

தப்பு இங்கேதான். ஆபீஸ் சர்வர் பதில் சொல்ல கொஞ்சம் தாமதமானாலும் விண்டோஸ் இரண்டாவது எண்ணிடம் போய்விடும். கூகுள் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று சொன்னால், அதையே முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளும். திரும்ப வந்து ஆபீஸ் சர்வரிடம் கேட்காது. ‘இல்லை’ என்ற அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். காலையில் வந்த சாஃப்ட்வேர் மதியம் வராமல் போவதும், ரீஸ்டார்ட் செய்தால் சரியாவதும் இதனால்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, சர்வரின் ஐபி எண்ணை பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில்தான்.

2. ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையுடன் சர்வர் பெயரைக் கொடுங்கள். பதில் சொல்வது யார் என்று முதலிலேயே காட்டும். அங்கே 8.8.8.8 அல்லது வீட்டு ரவுட்டரின் எண் இருந்தால் கேள்வியே தப்பான ஆளிடம் போகிறது.

3. அதே கட்டளையின் கடைசியில் ஆபீஸ் டிஎன்எஸ் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். இப்போது சரியான பதில் வந்தால் உங்கள் கணினியின் செட்டிங்தான் தப்பு. அங்கேயும் பெயர் இல்லை என்றால் பதிவே விடுபட்டிருக்கிறது. ஐடி பிரிவுதான் சேர்க்க வேண்டும்.

4. என்எஸ்லுக்அப் சரியாகச் சொல்லியும் பிரவுசரில் வரவில்லையா? ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ கொடுத்து பழைய நினைவை அழியுங்கள். பிரவுசரில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் வெளி நிறுவனம் எதையாவது தேர்வு செய்திருந்தால், பிரவுசர் ஆபீஸ் சர்வரைத் தாண்டி நேராக அங்கே போய்விடும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் முதலில் விபிஎன் கனெக்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு என்ன?

கணினியின் இரண்டு டிஎன்எஸ் இடங்களிலும் ஆபீஸ் சர்வர்களே இருக்க வேண்டும். வெளி இணையதளங்களுக்கான கேள்விகளை அந்த சர்வரே வெளியில் கேட்டு வாங்கித் தரும். 8.8.8.8 தேவைப்பட்டால் அதை அந்த சர்வரில் ஃபார்வர்டராகக் கொடுக்கலாம், ஊழியரின் கணினியில் வேண்டாம். சிக்னலுக்காக யாராவது புது வைஃபை ரவுட்டரைச் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது தன் இஷ்டத்துக்கு வேறு டிஎன்எஸ் எண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சம்பளத்தைத் தாண்டிய ஆபத்து

பழைய விண்டோஸ் சர்வர்களில் உள் நெட்வொர்க் பெயருக்கு மாதிரியாக ‘கார்ப்’ என்ற சொல் இருந்தது. பல நிறுவனங்கள் அதையே வைத்துவிட்டன. அந்த லேப்டாப்கள் வெளி நெட்வொர்க்கில் கனெக்ட் ஆனபோது, ஆபீஸைத் தேடி ‘கார்ப்.காம்’ என்ற பொது முகவரியின் கதவைத் தட்டின. அந்த முகவரியோ தனிநபர் ஒருவரிடம் இருந்தது! தப்பான கைக்குப் போனால் பாஸ்வேர்டு விவரங்கள் வரை சிக்கும் என்ற கவலையில், 2020-ல் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. 2024 ஜூலையில் ‘.இன்டர்னல்’ என்ற முடிவை நிறுவனங்களின் உள் பயன்பாட்டுக்கு மட்டும் என ஐகேன் அமைப்பு ஒதுக்கிவிட்டது.

ஆகவே அடுத்த முறை ‘8.8.8.8 போட்டுப் பாரேன்’ என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் சொன்னால், ஆபீஸ் கணினியில் மட்டும் கை வைக்காதீர்கள்.