ஆறுமணிக் குருவியும் ஒரு சிறுவனின் கேள்வியும்

ஓர் ஒக்டோபர் மாத மாலை. மஃரிப் தொழுகை முடிந்து, ஓத வரும் பிள்ளைகளுக்காகப் பாய் விரித்துக் கொண்டிருந்தேன். ஒன்பது வயது மாணவன் ஒருவன் தொப்பியைக் கழற்றி இரு கைகளிலும் ஏந்தியபடி வந்தான். அதனுள்ளே ஒரு குருவி. முதுகு பச்சை, இறகில் ஒரு நீலத் துண்டு, கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் செக்கச் சிவப்பு.

“ஹஸ்ரத், எங்கட வீட்டு ஜன்னல்ல வந்து அடிபட்டு விழுந்திச்சு. இத அறுத்துத் தின்டா ஹலாலா?”

கூரிய நகத்தால் இரை பிடிக்கும் பறவையல்ல. எனவே விலக்கப்பட்ட இனத்தில் சேராது என்று சொல்லத் தெரிந்தது. ஆனால், “இதுட பேர் என்ன?” என்று அவன் அடுத்துக் கேட்டபோது வாயடைத்துப் போனேன். ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். அரபியில் பத்துப் பறவைகளின் பெயர் சொல்வேன். ஹாலிஎலயில் என் வாசலில் விழுந்த பறவையின் பெயர் தெரியவில்லை!

பெயர் சொன்னவர், தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அம்மா. “இது ஆறுமணிக் குருவி சாமி. காலையில ஆறு மணிக்கும் பொழுது சாயவும் கத்தும்” என்றார்.

அன்புச் சகோதரிகளே! பிறகு தேடிப் படித்தபோதுதான் அந்தச் சிறு விருந்தாளியின் பயணம் தெரிந்தது. இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்பட்டு, இரவில் பறந்து, கடல் தாண்டி நம் நாட்டுக்கு வருகிறது. செப்டெம்பர், ஒக்டோபரில் வந்து, ஏப்ரல் வாக்கில் திரும்புகிறது. சருகுகளைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. பயணக் களைப்பில் இருக்கும்போது வீட்டு வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு.

அந்தப் பையனின் கேள்வியைப் போலவே நூறு வருடங்களுக்கு முன் இன்னொரு முஸ்லிம் சிறுவனும் கேட்டிருக்கிறான். பம்பாயில் 1896இல் பிறந்து, தாய் தந்தையை இழந்து, மாமா அமீருத்தீன் தய்யிப்ஜியின் வீட்டில் வளர்ந்த ஸாலிம் அலிதான் அவன். விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக் குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இதைச் சாப்பிடலாமா என்று மாமாவிடம் கேட்டான். அவருக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. ஆனால் அவர் பையனை விரட்டவில்லை. கடிதம் ஒன்றைக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்த செயலாளர் மில்லர்ட் என்ற வெள்ளைக்காரர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அன்று திறந்த கதவு, உலகம் மதிக்கும் ஒரு பறவையியல் அறிஞரை உருவாக்கியது. இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் 1941இல் வெளிவந்தது. ஆரம்ப காலத்தில் காடு மேடெல்லாம் அவருடன் சென்று துணை நின்றவர் அவரது மனைவி தெஹ்மினா என்பதையும் நம் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இத்தகைய கதவுகள் உண்டு. தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையில் 1972 முதல் இளம் விலங்கியலாளர் சங்கம் இயங்குகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு 1976இல் பறவையியல் களக் குழு தோன்றியது. ஆனால் ஊவா மலைப் பிள்ளைக்குக் கொழும்பு தூரம். மொழியும் சில வேளை தடை. எனவே சிறிய அளவிலாவது நாமே தொடங்க வேண்டியதுதான்.

நாங்கள் தொடங்கினோம். ஒரு விடுமுறை நாளில் சுபஹுக்குப் பின் பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு உம்மாமார், வழிகாட்டியாக அந்தப் பக்கத்து வீட்டு அம்மா. தேயிலை மலைக்கு ஏறும் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தோம். செலவு ஒரு கொப்பி, ஒரு பென்சில், திரும்பி வந்து குடித்த பிளேன்டீ. கொண்டைக் குருவி, மைனா, மீன்கொத்தி, செண்பகம் என்று பதினான்கு வகை எழுதினோம். தவிட்டுக் குருவிகள் கூட்டமாகக் கூச்சலிட்டால் அருகில் பாம்பு இருக்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். அதுவரை பேசாமல் வந்த ஓர் உம்மா, “எங்கட உம்மும்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்றார். நம் வீடுகளில் இருந்த அறிவுதான், நாம்தான் பிள்ளைகளுக்குக் கைமாற்றத் தவறிவிட்டோம்.

இந்தத் தவறுக்கு விலை உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், மரக்கறித் தோட்டத்தில் வைத்த கம்பிச் சுருக்கில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை மாட்டி, சில நாட்களில் இறந்தது. பன்றிக்கு வைக்கும் சுருக்குக்குச் சிறுத்தை எது, மான் எது என்று தெரியாது. வைக்கும் கைக்குத்தான் தெரிய வேண்டும். அந்தக் கை சிறுவயதில் கெட்டபோல் பிடித்த கையாகவும் இருக்கலாம்.

நானும் கெட்டபோலோடு திரிந்தவன்தான். கூட்டிலிருந்து எடுத்த மைனாக் குஞ்சு ஒன்று இரண்டே நாளில் என் கையில் செத்தது. தாய்ப் பறவை கூரையில் வந்து வந்து கத்தியது. குஞ்சுகளை இழந்து தவித்த ஒரு பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தியை அபூதாவூதில் ஓதிய நாளில் அந்தக் கத்தல்தான் என் காதில் கேட்டது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படியொரு குருவி வந்து விழுந்தால், காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பூனையை விலக்குங்கள். தெளிந்ததும் விடிந்த பின் செடிகள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வருடந்தோறும் மே, ஒக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். ஒக்டோபர் தினம் இந்த விருந்தாளிகள் வந்திறங்கும் காலம். அன்று உங்கள் ஊரிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கலாமே!

அந்தக் குருவி அன்றிரவு எங்கள் வீட்டுப் பெட்டியில் தங்கியது. சுபஹுக்குப் பின் பையன் ஓடி வந்தான். மூடியைத் திறந்தோம். ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, வேலியோர லன்டானாப் புதருக்குள் பாய்ந்து மறைந்தது. சற்று நேரத்தில் அங்கிருந்து இரட்டை விசில் சத்தம் கேட்டது. பையன் என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தான்.

“ஹஸ்ரத், இன்னும் ஆறு மணியாகல்ல. அஞ்சு நிமிசம் இருக்கு!”