கடிதம் வராத பென்ஸ்

1985க்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் கார் போக வேண்டுமென்றால் ஃபெர்ரி ஒன்றுதான் வழி. சுல்தான் அப்துல் ஹாலிம் துறையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். கட்டணம் பாகான், அதாவது பட்டர்வொர்த், கரையில் மட்டும். தீவிலிருந்து திரும்பும்போது காசு இல்லை. பெருநாள் காலத்தில் வரிசை சாலைவரை நீளும். கடற்கரை வெயிலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அங்குலம் அங்குலமாக நகர்வதைவிடக் கடுமையான சோதனை ஒரு காருக்கு இருக்க முடியாது. ரேடியேட்டர் பலவீனமா, ஃபேன் பெல்ட் தளர்ந்ததா, கிளட்ச் தேய்ந்ததா, எல்லாம் அந்த வரிசையிலேயே ஊரறியத் தெரிந்துவிடும். டாக்டருடைய பென்ஸாக இருந்தாலும் சரி, தவுக்கே முதலாளியின் வோல்வோவாக இருந்தாலும் சரி, பானட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றால் வேடிக்கை பார்க்க நாலு பேர் வருவார்கள். அவர்களில் இரண்டு பேருக்காவது வைத்தியம் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தின் சொகுசு கார் எல்லாருக்கும் தெரிந்த கார். ஈப்போவுக்கும் அலோர் ஸ்டாருக்கும் ஆள் ஏற்றிய வெளியூர் டாக்சிகளே பழைய டீசல் பென்ஸ்கள்தாம். முதலாளி வைத்திருந்ததும் டாக்சிக்காரர் ஓட்டியதும் ஒரே குடும்பத்து வண்டி என்பதால் குறைகள் இரகசியமாக இருக்கவில்லை. "பிரேக் இறங்குது", "ஸ்டேரிங் ஆடுது", "சூடு ஏறுது" என்று ஓட்டுநர் சொல்வார். பட்டர்வொர்த்தில் மாக் மண்டினிலோ செயின் ஃபெர்ரி சாலைப் பக்கமோ உள்ள பட்டறைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். அவருடைய காதும் பாதமும்தான் அன்றைய ஆய்வுக்கூடம். அவர் சொன்னது சமயத்தில் தப்பாகவும் இருக்கும். ஆனால் குறை என்பது கேட்கக்கூடிய, தொடக்கூடிய, எண்ணெய் வழியக்கூடிய ஒன்றாக இருந்தது.

அதற்காக அந்தக் காலம் பத்திரமான காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்னிருக்கையில் பெல்ட் போடுவதே 1979 ஏப்ரல் 1 முதல்தான் நம் மலேசியாவில் கட்டாயமானது. பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1 வரை காத்திருந்தோம். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து போன தலைமுறை நாங்கள். வோல்வோவின் நீல்ஸ் போலின் மும்முனைப் பெல்ட்டை வடிவமைத்தது 1959ல். பெல்ட் காருக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தும் அதை இழுத்து மாட்ட நமக்கு இருபது ஆண்டும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன.

குறையை யாரிடம் சொல்வது என்பது அன்று பெரிய கேள்வி. விற்ற இடத்தில் சொன்னால், ஓட்டுகிற விதம் சரியில்லை என்ற பதில் கிடைக்கும். அமெரிக்காவில் 1965ல் ரால்ஃப் நேடர் கார் நிறுவனங்களைக் கூண்டில் ஏற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கே நமக்குக் கிடைத்தது 1969ல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019 மே மாதம் கண்மூடும்வரை அதை வழிநடத்தினார். உப்பு, சீனி, பூச்சிமருந்து, போலி மருந்து என்று சாமானியனின் சட்டிபானையிலிருந்து தொடங்கிய சங்கம் அது. தமிழிலும் இதழ் நடத்தியது. பென்ஸ்காரர்கள் அந்தப் படியில் ஏறியது குறைவு என்றே நினைக்கிறேன். பணம் உள்ளவர் புகார் கொடுப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்தார். காரை விற்றுவிட்டு அடுத்ததை வாங்கினார். குறை, அடுத்து வாங்கியவரின் தலையில் ஏறியது. இந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

1985ல் பினாங்குப் பாலம் வந்தது. டாக்டர் மகாதீர் புரோட்டான் சாகாவில் அதைக் கடந்து திறந்துவைத்தார். செப்டம்பர் 14 முதல் பொதுமக்கள் பதின்மூன்றரை கிலோமீட்டரைச் சில நிமிடங்களில் கடந்தார்கள். 1994ல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. 2014ல் இரண்டாவது பாலம். ஃபெர்ரி வரிசையில் ஊர்ந்த அதே ஊர் இப்போது 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மெதுவாகப் போகும்போது பிரேக் பழுதானால் அவமானம். 110ல் பழுதானால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

காரும் மாறியது. ஏபிஎஸ் பிரேக் 1978ல் பென்ஸின் எஸ் கிளாசில் வந்தது, ஏர்பேக் 1980களின் தொடக்கத்தில். பாதுகாப்பு என்பதே சொகுசு காரின் விற்பனைச் சரக்காக இருந்தது. பிறகுதான் அது சாதாரணக் கார்களுக்கு இறங்கியது. இந்தக் கதையின் கசப்பான திருப்பமும் அந்த ஏர்பேக்கில்தான் இருக்கிறது. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் பையை ஊதவைக்கும் வெடிப்பொருளாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் ஈரமும் சூடும் மாறி மாறித் தாக்கினால் அந்த உப்பு நொறுங்கும். நொறுங்கியது பற்றினால் அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். பை ஊதுவதற்குப் பதில் உலோகக் கூடு சிதறித் துண்டுகளாக ஓட்டுநர்மேல் பாயும். ஈரம், சூடு, ஆண்டுக்கணக்கு மூன்றும் எங்கே சேர்ந்து கிடைக்கும்? பட்டர்வொர்த்தில் வெயிலில் நிறுத்திய எந்தக் காரிலும் கிடைக்கும்.

இது வெளிநாட்டுச் செய்தி இல்லை. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. தக்காத்தா குறையால் அமெரிக்காவுக்கு வெளியே உறுதியான முதல் மரணம் அதுவே. 2016ல் நம் நாட்டில் மேலும் உயிர்கள் போயின. ஹோண்டா சிட்டி சொகுசு கார் இல்லைதான். ஆனால் தக்காத்தாவின் ஊதிகள், அதாவது பையை ஊதவைக்கும் கருவிகள், பிஎம்டபிள்யூவிலும் பென்ஸிலும் ஆடியிலும் ஃபெராரியிலும்கூட இருந்தன. உலகம் முழுக்கச் சுமார் பத்துக் கோடி ஊதிகளைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. 2017ல் தக்காத்தா திவாலானது. அந்த ஒரு பாகத்தில் ஏழையும் பணக்காரனும் சமம்.

இதில் கவனிக்க வேண்டியது: அந்தக் குறைக்குச் சத்தமே இல்லை. மாக் மண்டின் பட்டறைக்காரர் எத்தனை சுற்று ஓட்டினாலும் அவர் காதுக்கு எட்டாது. பென்ஸின் எம்எல், ஜிஎல், ஆர் கிளாஸ் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் பூஸ்டரின் மேலிருந்த ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தங்கி உள்ளுக்குள் துருப்பிடித்தது. 2022ல் உலகம் முழுக்க ஏறக்குறைய பத்து லட்சம் வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் சரிபார்க்கும்வரை ஓட்டவே வேண்டாம் என்றது. பளபளவென்று மெருகேற்றிய ஏழு பேர் வண்டி. துரு யார் கண்ணிலும் படாத இடத்தில்.

தென் கொரியாவில் 2018 கோடையில் நடந்தது இன்னொரு விதம். டீசல் பிஎம்டபிள்யூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் தீப்பிடித்தன. புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் குளிரூட்டியிலிருந்து கசிந்த திரவம் கரிப்படிவோடு சேர்ந்து, சூட்டில் பற்றியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சில கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் பிஎம்டபிள்யூவுக்கு இடமில்லை என்று அட்டை மாட்டினார்கள். சோதனை முடிக்காத கார்களைச் சாலையில் ஓட்ட அரசு தடை விதித்தது. உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். குறையை முன்பே அறிந்து மறைத்தார்கள் என்று சொல்லி, ஆண்டு இறுதியில் கொரிய அரசு நிறுவனத்துக்குப் பெரிய அபராதம் விதித்தது. காசு கொடுத்தவன் கௌரவம் பார்க்காமல் வாய் திறந்தால் இவ்வளவு நடக்கும். நமக்கும் அந்தக் கதைக்கும் தூரம் அதிகமில்லை: பிஎம்டபிள்யூ இப்போது பாகங்கள் சேர்த்துப் பூட்டப்படுவது பக்கத்துக் கெடாவின் கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில். ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷ காரைப் பூட்டிய முதல் இடமும் அதுதான், 2022 முதல். பாகானிலிருந்து போகிற தூரம்தான்.

உரிமையாளர் சொல்வதெல்லாம் வேதம் என்றும் இல்லை. 1986ல் அமெரிக்காவில் ஆடி 5000 தானாகப் பாய்கிறது என்று புகார்கள் குவிந்தன, தொலைக்காட்சியில் வந்து விற்பனையே படுத்தது. 1989ல் அரசு ஆய்வு, பெரும்பாலும் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. ஆனால் அந்தக் கூச்சலால் ஒரு நன்மை விளைந்தது. பிரேக்கை மிதித்தால்தான் கியர் 'பார்க்'கிலிருந்து விடுபடும் என்ற பூட்டு, அதற்குப் பிறகுதான் ஆட்டோ கார்களில் பரவலானது. 2009ல் கலிஃபோர்னியாவில் லெக்சஸ் ஒன்று நிற்க மறுத்து நால்வர் இறந்தபோது, ஆக்சிலரேட்டரைச் சிக்கவைத்த தரைவிரிப்பு உண்மையான குற்றவாளியாக இருந்தது. இரண்டு புகாரும் கேட்பதற்கு ஒரே மாதிரி. ஒன்றில் ஓட்டுநர் தவறு, மற்றதில் காருக்குள் இருந்த விரிப்பின் தவறு. விசாரிக்காமல் எதையும் தள்ளிவிட முடியாது என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

இப்போது பாகானுக்கு வருகிறேன். இன்று ராஜா உடா பக்கம் காப்பிக் கடை வாசலில் நிற்கிற பிஎம்டபிள்யூவில் எத்தனை அதன் முதல் உரிமையாளரிடம் இருக்கிறது? புதிதாக மூன்று லட்சம் வெள்ளிக்குப் போன கார், சில ஆண்டுகளில் பாதி விலைக்கும் கீழே வந்துவிடும். பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர் அதை இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்குகிறார். அதில் தப்பில்லை, சொகுசு ஆசை ஒரு வகுப்பாருக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல. ஆனால் ரீகால் கடிதம், அதாவது காரைத் திரும்ப அழைக்கும் கடிதம், போவது நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள பழைய முகவரிக்கு. முதல் உரிமையாளர் வீடு மாறியிருப்பார், காரை எப்போதோ மறந்திருப்பார். ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ஏபி என்ற இறக்குமதி அனுமதியில் வந்த ரீகோன், அதாவது பயன்படுத்திய, கார் என்றால், உள்ளூர் விநியோகஸ்தரின் விற்பனைப் பதிவேட்டிலேயே அது இருக்காது. கடிதம் எந்த வீட்டுக்குப் போகும்?

இதைவிட எனக்குக் கவலை தருவது ஹாஃப்கட், அதாவது வெட்டிய பழைய வண்டியிலிருந்து எடுத்த, சாமான். விபத்தில் ஏர்பேக் வெடித்த காருக்குப் புதிய பை வாங்கினால் ஆயிரக்கணக்கில் போகும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டேரிங்கைப் பையோடு மாட்டினால் மலிவு. பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் அந்தப் பழைய பையின் ஊதி ரீகால் ஆனதாக இருந்தால், சேசி எண்ணைத் தட்டினாலும் தெரியாது. ஏனென்றால் எண் காருடையது, பை வேறொன்றுடையது. 2017ல் அமெரிக்காவின் நெவாடாவில் ஓர் இளம்பெண் சாகும் நிலைக்குப் போனது இப்படிப்பட்ட கழற்றி மாட்டிய பையால்தான். பேர் மாற்றும்போது புஸ்பாகோம் சோதனை நிலையத்தில் காரைக் காட்டுகிறோம்; பிரேக், புகை, இன்ஜின் எண், சேசி எண் எல்லாம் பார்ப்பார்கள். ஸ்டேரிங்கைப் பிரித்து ஊதியைப் பார்ப்பது அந்தச் சோதனையில் இல்லை. தனியார் காருக்கு ஆண்டுச் சோதனையும் கிடையாது. ஆக, கடைசியில் பட்டறைக்காரரின் மனசாட்சியை நம்பித்தான் இருக்கிறோம்.

சட்டத்தின் பக்கம் போனாலும் சொகுசு கார்க்காரருக்கு வினோதமான நிலை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே வழக்காடலாம், ஆனால் உச்சவரம்பு 50,000 வெள்ளி. அதுவும் 2019ல்தான் 25,000லிருந்து உயர்ந்தது. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவருக்கு அது போதும். மூன்று லட்சத்துக் காருக்கு? நீதிமன்றம்தான், வழக்கறிஞர்தான், ஆண்டுகள்தான். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். எல்லையின் அந்தப் பக்கம் கிடைக்கிற உரிமை இந்தப் பக்கம் கிடைக்காமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. இங்கே அந்தப் பேச்சு நெடுநாளாகப் பேச்சாகவே இருக்கிறது.

மென்பொருள் காலத்தில் சில குறைகள் வீட்டு வாசலில் நிற்கும்போதே இரவோடிரவாகத் திருத்தப்பட்டுவிடுகின்றன; 2023 டிசம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் இருபது லட்சம் கார்களுக்கு அப்படித்தான் செய்தது. நல்லதுதான். ஆனால் துருப்பிடித்த பூஸ்டரையும் நொறுங்கிய ஊதியையும் எந்த மென்பொருளும் மாற்றாது.

என் கருத்து ஒன்றுதான்: ரீகால் அறிவிப்பு ஆளைத் தேடக் கூடாது, காரைத் தேட வேண்டும். காரின் இன்றைய உரிமையாளர் யார் என்பது சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவேட்டில் இருக்கிறது. பேர் மாற்றும் அந்த ஒரு நாளில், 'இந்த வண்டியில் முடிக்காத ரீகால் உள்ளது' என்று ஒரு வரி வாங்குபவர் கண்ணில் பட்டால் போதும். பேரம் அங்கேயே மாறும்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் காரின் கிராண்டை (பதிவு அட்டையை) எடுங்கள், சேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ சேவை மையத்திலோ விசாரியுங்கள். ரீகோன் கார் என்றால் அது முதலில் விற்கப்பட்ட நாட்டின் பக்கத்திலும் பாருங்கள். ஏர்பேக் மாற்றிய கார் என்றால் எங்கிருந்து வந்த பை என்று கேட்டு, பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். நிறுவனம் அறிவித்த ரீகால் வேலைக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும்.