சொல்லால் விழும் வெட்டு

தில்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே 1963இல் இப்ராஹிம் அல்காஸி ‘அந்தா யுக்’ நாடகத்தை அரங்கேற்றினார். அப்போது அவர் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர். பிரிவினையின் ரணம் ஆறாத 1950களில் தரம்வீர் பாரதி இந்தியில் எழுதிய கவிதை நாடகம் அது. பாரதப் போரின் பதினெட்டாம் நாள் மாலையில் தொடங்குகிறது. பதினான்காம் நூற்றாண்டுக் கோட்டைச் சிதைவுகளே அரங்கப் பின்னணி.

நாடகத்தில் அந்தப் பதினெட்டாம் நாள் இரவு அசுவத்தாமன் பாண்டவர் பாசறைக்குள் புகுந்து, தூங்குகிறவர்களைக் கொன்று குவிக்கிறான். அந்தப் படுகொலையை நாம் பார்ப்பதில்லை. அதைச் சொல்லத்தான் கேட்கிறோம். கேட்கும்போதே வயிறு இறுகுகிறது, கை தானாக மூடிக்கொள்கிறது. வெறும் சொல்லுக்கு உடம்பு ஏன் இப்படி நடுங்க வேண்டும்?

2004இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், வினைச்சொற்களைச் சத்தமின்றிப் படிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். உதைப்பதைக் குறிக்கும் சொல்லுக்குக் காலை இயக்கும் பகுதியும், எடுப்பதைக் குறிக்கும் சொல்லுக்குக் கையை இயக்கும் பகுதியும், அல்லது அவற்றை ஒட்டிய இடங்களும் தூண்டப்பட்டன. ‘வெட்டினான்’ என்று கேட்கும்போது நம் கைக்குரிய பகுதியும் சற்றே விழிக்கிறது என்று ஊகிக்கலாம்.

அதே ஆண்டில் லண்டனில் டானியா சிங்கர் குழுவினர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. ஸ்கேனருக்குள் பெண், பக்கத்தில் அவளுடைய துணைவன். அவன் கைக்கு மின்னதிர்ச்சி என்று திரையில் ஒரு குறி மட்டும் தோன்றும். வலியின் துன்பத்தை உணர்த்தும் இன்சுலா, சிங்குலேட் பகுதிகள் அவள் மூளையிலும் விழித்தன. வலி எந்த இடத்தில் என்று அறியும் பகுதியோ சும்மா இருந்தது. காயமில்லாமல் துன்பம் மட்டும்! சோக நாடகம் நமக்குத் தருவதும் இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

தரம்வீர் பாரதியைப் போலவே கிரேக்க நாடகாசிரியர்களும் கொலையைப் பெரும்பாலும் மேடைக்கு வெளியே வைத்துத் தூதன் வாயால் சொல்லவைத்தார்கள். நாட்டிய சாஸ்திரமும் மேடைச் சாவைத் தவிர்க்கச் சொல்கிறது. அதை மீறி, தொடை முறிந்த துரியோதனனை நம் கண்முன்னே சாகவிட்ட வடமொழி நாடகாசிரியர் பாசனின் துணிச்சல் தனி.

இவ்வளவு துன்பப்பட்டும் மறுபடி ஏன் நாடகத்துக்குப் போகிறோம்? ராபின் டன்பார் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. வீடற்ற ஒருவரின் துயர வாழ்க்கையைச் சொல்லும் படத்தைச் சிலருக்கும் ஆவணப்படத்தை வேறு சிலருக்கும் காட்டிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியின்றி உட்காரும் நிலையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆவணப்படம் பார்த்தவர்களைவிடத் துயரப் படம் பார்த்தவர்களின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. கூடப் பார்த்தவர்களோடு நெருக்கமும் கூடியது. மூளை சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு. சுரப்பை நேரடியாக அளக்கவில்லை.

ஆனால் அது திரைப்படம். நடிகனின் மூச்சு கேட்கும் தூரத்தில் நிகழ்வது வேறு. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில், துரியோதனன் படுகளத்தன்று தரையில் கிடக்கும் பெரிய மண்ணுருவத்தைச் சுற்றிக் கூத்து நடக்கும். பெண்கள் துடைப்பத்தோடு இறங்குவார்கள், சிலருக்குச் சாமி வரும். பார்வையாளர் என்ற எல்லையே அங்கே அழிகிறது. டன்பாரின் சோதனையை அடுத்து நடத்த வேண்டிய இடம் அந்தக் களம்தான்.