பனிக்காலத்தில் வீதியும் வாகனமும்: புதிதாகக் குடியேறியோர் அறிந்திருக்க வேண்டியவை

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்ட இலண்டன் மக்கள், நகரின் பேருந்துச் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டனர். முந்தைய இரவு தொடங்கிய பனிப்பொழிவு, தென்கிழக்கு இங்கிலாந்தில் 18 ஆண்டுகளாகக் காணப்படாத அளவுக்குக் கடுமையாக இருந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன, விமானங்கள் இரத்துச் செய்யப்பட்டன. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி இரவு பெய்த பனியின்போது, எம்25 நெடுஞ்சாலையின் வடபகுதியில் பல சாரதிகள் மணிக்கணக்காகத் தம் வாகனங்களுக்குள்ளேயே அடைபட்டிருந்தனர்.

இலண்டனில் கடும் பனி ஆண்டுதோறும் வருவதில்லை. அதனாலேயே அது வரும்போது நகரமும் மக்களும் தடுமாறுகின்றனர். கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம் உறவினர்கள் பனிக்கால டயர்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரும் பனிக்கும் பழகியவர்கள். இங்கு பனிக்கால டயர்களைப் பொருத்த வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலானோர் ஆண்டு முழுவதும் ஒரே டயர்களுடனேயே ஓட்டுகின்றனர். எனவே இந்நாட்டிற்குப் புதிதாக வந்தவர்கள் தம் பாதுகாப்பில் எது சபையின் பொறுப்பு, எது சாரதியின் பொறுப்பு, எது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதைப் பனி வருமுன்பே அறிந்துகொள்வது நன்று.

பனி: ஒரு சொல், பல நிலைகள்

தமிழில் பனி என்னும் ஒரே சொல் புல்லில் படியும் துளியையும் காலை மூட்டத்தையும் வானிலிருந்து விழும் வெண்பனியையும் குறிக்கும். சாரதி இவற்றைப் பிரித்தறிய வேண்டும். வெண்பனி கண்ணுக்குத் தெரியும். ஆகவே எவரும் அங்கே எச்சரிக்கையாக இருப்பர். உறைபனி வாகனக் கண்ணாடியிலும் வீதியிலும் மெல்லிய வெண்படலமாகப் படியும். எல்லாவற்றிலும் ஆபத்தானது கரும்பனி. இது நிறமற்ற மெல்லிய பனிக்கட்டிப் படலம். அதனூடாகத் தாரின் கருமை தெரிவதால், வீதி வெறுமனே நனைந்திருப்பதாகவே தோன்றும். டயர்களின் வழமையான இரைச்சல் திடீரெனக் குறைவதும், சுக்கான் பாரமின்றி இலேசாகச் சுழல்வதும் வாகனம் கரும்பனிமீது செல்கிறது என்பதற்கான அறிகுறிகள்.

வாகனத்தின் வெப்பமானி 2 அல்லது 3 பாகை செல்சியஸ் காட்டினாலும் வீதியின் மேற்பரப்பு உறைந்திருக்கக்கூடும். கீழும் மேலும் குளிர்காற்று வீசும் பாலங்களும், வெயில் படாத மர நிழல்களும், சரிவுகளும் முதலில் உறைந்து இறுதியிலேயே இளகும். பொதுவாக விடியலை ஒட்டிய வேளையே மிகக் குளிரானது. மார்கழியில் இலண்டனில் சூரியன் காலை 8 மணியளவிலேயே உதிக்கின்றது. திருவெம்பாவைப் பூசைக்காக விடியுமுன் கோயிலுக்குச் செல்வோரும், கடை திறக்கவும் பராமரிப்புப் பணிக்கும் அதிகாலையில் புறப்படுவோரும் வீதி மிகவும் வழுக்கும் நேரத்தில், இருளில் வாகனம் ஓட்டுகின்றனர் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

சபையின் கடமையும் அதன் எல்லையும்

வீதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு மூன்று தரப்பினரிடையே பகிரப்பட்டுள்ளது. எம்25 போன்ற அதிவேக நெடுஞ்சாலைகளை நஷனல் ஹைவேய்ஸ் நிறுவனமும், சிவப்புக் கோடிட்ட முதன்மை வீதிகளை டி.எப்.எல். எனப்படும் இலண்டன் போக்குவரத்து அமைப்பும், ஏனைய வீதிகளை அந்தந்த உள்ளூராட்சிச் சபைகளும் கவனிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஹைகேட் முருகன் கோயில் அமைந்துள்ள ஆர்ச்வே வீதி டி.எப்.எல். பொறுப்பிலுள்ளது, அதிலிருந்து பிரியும் குடியிருப்பு வீதிகள் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பிலுள்ளன.

உறைநிலை எதிர்பார்க்கப்படும் இரவுகளில் சபையின் வாகனங்கள் கல்லுப்புத் தூவுகின்றன. உப்பு கலந்த நீர் பூச்சியப் பாகைக்குக் கீழேயே உறையும் என்பதால், வீதியில் பனிக்கட்டி உருவாவது தடுக்கப்படுகின்றது. ஆனால் உப்பு உடனடியாக வேலை செய்வதில்லை. வாகனங்களின் சக்கரங்கள் அதனை நசுக்கிப் பரப்ப வேண்டும். மழை பெய்தால் அது கழுவப்பட்டுவிடும். கடுங்குளிரில் அதன் பயன் குறைந்துவிடும். ஆகவே உப்புத் தூவிய வீதியும் முற்றிலும் பாதுகாப்பானதன்று.

எல்லா வீதிகளுக்கும் உப்புத் தூவ இயலாது. பேருந்து செல்லும் வீதிகள், மருத்துவமனைகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் செல்லும் வழிகள், செங்குத்தான சரிவுகள் ஆகியவற்றுக்கே பொதுவாக முன்னுரிமை அளிக்கப்படுகின்றது. பெரும்பாலான குடியிருப்பு வீதிகள் இதில் அடங்குவதில்லை. இதனால், பயணத்தின் மிக ஆபத்தான பகுதி பெரும்பாலும் வீட்டு வாசலிலிருந்து முதலாவது பேருந்து வீதியை அடையும் வரையிலான சில நூறு மீற்றர்களே ஆகும்.

இது குறித்துச் சட்டம் கூறுவதையும் அறிந்திருத்தல் வேண்டும். 1991இல் உறைந்த வீதியில் வாகனம் சறுக்கிப் படுகாயமடைந்த சாரதி ஒருவர், கிழக்கு சசெக்ஸ் கவுண்டி சபைக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். வீதியைப் பராமரிக்கும் கடமையில் பனிக்கட்டியை அகற்றும் கடமை அடங்காது என 2000ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2003ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, 41ஆம் பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. அதன்படி, பனியாலும் பனிக்கட்டியாலும் பாதுகாப்பான பயணத்துக்கு ஆபத்து நேராதவாறு பார்த்துக்கொள்வது, நியாயமாகச் சாத்தியமான அளவுக்கு, வீதிக்குப் பொறுப்பான அதிகார சபையின் கடமையாகும். நியாயமாகச் சாத்தியமான அளவுக்கு என்னும் சொற்கள் முக்கியமானவை. ஒரு வீதியில் பனி இருந்தது என்பதும், அதில் ஒருவர் விழுந்தார் என்பதும் மட்டுமே சபையைப் பொறுப்பாளியாக்கிவிடா.

புறப்படுமுன்

முதற்கேள்வி இப்பயணம் அவசியமா என்பதே. மெட் ஒஃபிஸ் எனப்படும் வானிலை நிலையம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று நிறங்களில் எச்சரிக்கைகளை வெளியிடுகின்றது. சிவப்பு எச்சரிக்கை உயிராபத்து உண்டு என்பதைக் குறிக்கும். அப்போது பயணத்தைத் தவிர்க்க வேண்டும். வேலையை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் புதிதாக வந்தோர் பலர் எந்நிலையிலும் புறப்பட்டுவிடுகின்றனர். தொழில் வழங்குநருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் நிலைமையைத் தெரிவிப்பது நன்று. பாடசாலை திடீரென மூடப்பட்டுப் பிள்ளையைப் பார்க்க வேறொருவரும் இல்லாதபோது, மாற்று ஏற்பாடு செய்வதற்கென நியாயமான நேரம் ஊதியமின்றி விடுப்புப் பெறும் உரிமை, 1996ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டத்தின்கீழ் ஊழியர்களுக்கு உண்டு.

செல்வது அவசியமாயின், ஹைவே கோட் எனப்படும் வீதி ஒழுங்கு நூல் கூறுவனவற்றைப் பின்பற்ற வேண்டும். எல்லாக் கண்ணாடிகளிலுமுள்ள பனியை முழுமையாக அகற்றுவதும், விளக்குகளும் இலக்கத் தகடும் தெளிவாகத் தெரியும்படி துடைப்பதும் சட்டப்படி கட்டாயம். முன் கண்ணாடியில் சிறு துவாரமளவு மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்படுவது குற்றமாகும். கூரையிலுள்ள பனியையும் தள்ளிவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அது சரிந்து முன் கண்ணாடியை மூடலாம், அல்லது பின்னால் வருபவர்மீது விழலாம். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். கண்ணாடி கழுவும் தாங்கியில் வெறும் நீர் இருந்தால் உறைந்துவிடும் என்பதால், அதற்குரிய உறையாத் திரவத்தையே பயன்படுத்த வேண்டும்.

கண்ணாடி இளகும்வரை இயந்திரத்தை இயக்கிவிட்டு வீட்டுக்குள் செல்லும் பழக்கம் பலரிடம் உண்டு. பொது வீதியில் இயந்திரம் இயங்கும் வாகனத்தைக் கவனிப்பாரின்றி விட்டுச் செல்வது குற்றம். அவ்வேளையில் வாகனம் களவு போனால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும்.

டயர்களின் தவாளிப்பு, அகலத்தின் நடு முக்காற் பகுதியில் சுற்றளவு முழுவதும் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்க வேண்டும். 20 பென்ஸ் நாணயத்தைத் தவாளிப்பினுள் செருகினால் அதன் வெளி விளிம்புப் பட்டை முற்றாக மறைய வேண்டும். விளிம்பு வெளியே தெரிந்தால் டயரைத் தகுதியுள்ள ஒருவரிடம் காட்ட வேண்டும். சட்டத்துக்கு முரணான ஒவ்வொரு டயருக்கும் 2,500 பவுண் வரை அபராதமும் 3 தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படலாம்.

இலங்கை, இந்திய சாரதி அனுமதிப்பத்திரங்களைக் கொண்டு, இங்கு வதியத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே கார் ஓட்டலாம். அதன்பின் இந்நாட்டின் தற்காலிக அனுமதிப்பத்திரத்தைப் பெற்று, எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டுநர் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

ஓட்டும்போது

உலர்ந்த வீதியில் மணிக்கு 20 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 12 மீற்றரும், 30 மைல் வேகத்தில் செல்வது நிற்பதற்கு 23 மீற்றரும் தேவை. பனிக்கட்டி படிந்த வீதியில் இத்தூரம் பத்து மடங்குவரை கூடலாம். அதாவது, 30 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 230 மீற்றர் வரை தேவைப்படலாம். இது இரண்டு உதைபந்தாட்ட மைதானங்களின் நீளத்திலும் அதிகம். வேக வரம்புக்குள் ஓட்டினேன் என்பது இங்கு போதிய பாதுகாப்பாகாது. முன்னே செல்லும் வாகனத்துக்கு உலர்ந்த வீதியில் 2 விநாடி இடைவெளி விட வேண்டுமெனில், பனியில் 20 விநாடி வரை விடவேண்டியிருக்கலாம்.

எதையும் திடீரெனச் செய்யாதிருத்தலே அடிப்படை விதி. இயன்ற அளவு உயர்ந்த கியரில் மெதுவாகச் செல்ல வேண்டும். கைக் கியர் வாகனத்தை இரண்டாம் கியரில் நகர்த்தித் தொடங்கினால் சக்கரங்கள் வீணே சுழல்வது குறையும். வளைவை அடையுமுன் நேரான பகுதியிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவினுள் பிரேக் பிடித்தலாகாது.

வாகனம் சறுக்கத் தொடங்கினால், அதற்குக் காரணமான செயலை நிறுத்த வேண்டும். பிரேக்கிலிருந்து காலை முழுமையாக எடுக்க வேண்டும், அல்லது வேகமிதியைத் தளர்த்த வேண்டும். பிற்பகுதி வலப்பக்கம் சறுக்கினால் சுக்கானையும் வலப்பக்கமே மெதுவாகத் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் வாகனம் சுழன்றுவிடும்.

வழியில் சிக்கிக்கொண்டால்

எம்25இல் அடைபட்டவர்களுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம். கம்பளி, தடித்த மேலாடை, குடிநீர், உணவு, கைவிளக்கு, தொலைபேசி மின்னேற்றி, பனி சுரண்டி, சிறு மண்வாரி ஆகியவற்றை வாகனத்தில் வைத்திருப்பது நன்று. நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்போர் அதனையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். பனிப்புயலில் வாகனத்தை விட்டு நடந்துசெல்வதைவிட அதனுள்ளேயே இருப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. வெப்பத்துக்காக இயந்திரத்தை இயக்குமுன், புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்திருக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் நச்சு வாயு உள்ளே பரவி உயிரைப் பறிக்கும். உயிராபத்து நேரும்போது 999 இலக்கத்தை அழைக்கலாம்.

வாசலும் நடைபாதையும்

வீட்டின் முன்னுள்ள நடைபாதையைத் துப்புரவாக்கி, அதன்பின் அங்கு யாராவது விழுந்தால் தம்மீது வழக்கு வரும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தால் மண்வாரியைத் தொடாமலே விட்டுவிடுகின்றனர். நடைபாதையில் பனியை அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கவனமாகச் செய்தவர்மீது வழக்குத் தொடரப்படுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என அரசின் வழிகாட்டலும் கூறுகின்றது.

காலையிலேயே, பனி மிதிபட்டு இறுகுமுன் அகற்றுவது எளிது. நீரை ஊற்றலாகாது, அது மீண்டும் உறைந்து கரும்பனியாகிவிடும். அகற்றிய இடத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு சாதாரணச் சமையல் உப்பைத் தூவினால் போதும். அகற்றிய பனியை அயலவரின் பாதையிலோ வடிகாலின்மீதோ குவிக்கலாகாது. வீதியோரங்களில் சபை வைத்துள்ள உப்புப் பெட்டிகள் பொது வீதிக்கும் நடைபாதைக்கும் உரியன. தனியார் முற்றத்துக்கு அவற்றைப் பயன்படுத்துதல் கூடாது.

கடை, கோயில், மண்டபம் ஆகியவற்றை நடத்துவோரின் நிலை வேறு. தம் பொறுப்பிலுள்ள வாசற்படி, வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றுக்கு வருவோரின் பாதுகாப்புக்காக நியாயமான கவனம் எடுப்பது, 1957ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அவர்களது கடமையாகும். பூசைக்கோ திருமணத்துக்கோ மக்கள் கூடும் நாளில், விருந்தினர் வருமுன்பே தரிப்பிடத்துக்கு உப்பிடுவதற்கு ஒருவரை நியமித்தல் வேண்டும்.

அயலில் தனித்து வாழும் முதியோருக்குப் பனி நாட்களில் வெளியே செல்வது இயலாததாகலாம். நம் வாசலைத் துப்புரவாக்கும்போது அவர்களின் வாசலையும் சேர்த்துத் துப்புரவாக்கலாம். பாலும் மருந்தும் வாங்கிக் கொடுக்கலாம். உப்புத் தூவும் வாகனம் வராத வீதியில் வாழ்வோருக்கு இத்தகைய உதவியே பெரும் பாதுகாப்பு. தங்கள் வீதி உப்புத் தூவும் வழித்தடத்தில் உள்ளதா, அண்மையிலுள்ள உப்புப் பெட்டி எங்கே என்பனவற்றைச் சபையின் இணையத்தளத்திலோ சேவை நிலையத்திலோ பனிக்காலம் தொடங்குமுன்பே கேட்டறிந்துகொள்ளுமாறு குடியிருப்பாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.